கவருக்குள் அம்மன் இல்லை

கண்ணு,

உன் பெட்டியில் மேலாக மடித்து வைத்திருக்கும் கம்பளியை எடுத்தால் இந்தக் கடிதம் கீழே விழும். இரண்டு நாள் ரயில் பயணம், படிக்க நேரம் இருக்கிறது. "நேர்லயே சொல்லிப்போட்டா என்ன?" என்று உன் அப்பா கேட்டார். நேரில் சொன்னால் நான் கத்துவேன், நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய், இரண்டு பேருக்கும் ஒன்றும் ஏறாது. நேற்று மதியம் சாப்பிடும்போது, டாக்டர் மேல்படிப்பில் ஒரு ஆராய்ச்சி செய்து எழுத வேண்டுமே, என்ன எடுத்துக்கொள்ளப் போகிறாய் என்று ஆசையாகத்தான் கேட்டேன். நீ தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "அதெல்லாம் சும்மா ஒரு சடங்கும்மா. பழைய கேஸ் ஷீட்டை எடுத்து ஒப்பேத்திடலாம். சீனியர்ஸ் எல்லாம் அப்படித்தான் பண்றாங்க" என்றாய். ரசம் எடுத்து வருகிறேன் என்று எழுந்து போனவள் திரும்பி வரவில்லை. அம்மாவுக்குக் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம்தான், மறைப்பானேன். ஆனால் கோபம் ஆறிய பிறகு யோசித்தால், அந்தப் பேச்சில் பாதி என்னுடையது. உன் வயதில் நானும் அப்படித்தான் பேசினேன். உன் வயதில் என்ன, நாற்பத்தைந்து வயது வரைக்கும் பேசினேன்.

நீ ஒன்பதாவது படித்த வருடம் நான் எப்படி இருந்தேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? மயக்க மருந்து டாக்டர், அதோடு ஆறு படுக்கை கொண்ட தீவிர சிகிச்சை வார்டுக்கும் நான்தான் பொறுப்பு. காலையில் சிங்காநல்லூரில் ஸ்கூட்டரைக் கிளப்பும்போதே யாரை எதற்குத் திட்டுவது என்று மனதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நாட்களில் எங்கள் வார்டுக்கு அடிக்கடி வந்தவர்கள் தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்கப் போய் உடம்பில் விஷம் ஏறியவர்கள். கண்ணின் பாவை ஊசிமுனையாகச் சுருங்கிவிடும், வாயில் நுரை தள்ளும், நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பதுபோல் சத்தம் வரும். அதற்கு முறிவு மருந்து உண்டு. முதலில் ஊசியாக வேகவேகமாக ஏற்றி நெஞ்சைக் காயவைக்க வேண்டும், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அதன்பிறகு அதே மருந்தை ட்ரிப்பில் சொட்டுச்சொட்டாகத் தொடர்வதா, சில நிமிடத்துக்கு ஒருமுறை கையால் ஊசி போடுவதா என்பதில்தான் சண்டை. நான் ட்ரிப் கட்சி. உனக்கு சைக்கிள் ஓட்டப் பழக்கிய சீனிவாசன் மாமா ஊசிக் கட்சி. கேன்டீனில் காபி ஆறிப்போகும் வரை இரண்டு பேரும் வாதாடுவோம். என்னுடைய ஆதாரம் "என் அனுபவத்துல". அவருடைய ஆதாரமும் அதே. அத்தனை வருடத்தில் அதை யோசித்து எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை என்பதுதான் இப்போது ஆச்சரியமாக இருக்கிறது.

அந்த வருடம்தான் சென்னையிலிருந்து ஒருவர் சனிக்கிழமைதோறும் வர ஆரம்பித்தார். உயிருக்குப் போராடும் நோயாளிகளைப் பார்க்கிற டாக்டர்களுக்கு ஆராய்ச்சி செய்யும் முறையைச் சொல்லித்தருவது அவர் வேலை. நிர்வாகம் கையெழுத்துப் போட்டுப் போகச் சொன்னதால் போனோம். வாத்தியார் என்னைவிடப் பத்து வயது இளையவர், ஒல்லி, மிக மெதுவான குரல். ஊருக்கு ஊர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரிகிறாரே, இவர் எத்தனை நோயாளியைப் பார்த்திருப்பார் என்று எனக்கு இளக்காரம். முதல் வகுப்பிலேயே என்னைப் பார்த்து, "ட்ரிப்தான் நல்லதுன்னு எப்படித் தெரியும் மேடம்?" என்றார். "இருபது வருஷமா பாத்துட்டு இருக்கேனுங்க" என்றேன். "ட்ரிப் போட்டுப் பிழைச்சவங்க யாராவது ஞாபகம் இருக்காங்களா?" இருக்கிறார்களா என்றால்? பேர், ஊர், பிழைத்துப் போனபின் எனக்குக் கொண்டுவந்து கொடுத்த இளநீர்க் குலை வரைக்கும் வரிசையாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இறந்துபோனவங்க பேரும் சொல்லுங்களேன்" என்றார். எனக்கு ஒரு பேரும் வாயில் வரவில்லை. கண்ணு, ஒருவர்கூட இறக்கவில்லை என்பதால் அல்ல. இளநீர் கொண்டுவந்தவர்கள் மட்டும்தான் எனக்கு நினைவில் நின்றிருந்தார்கள். அன்று வீடு வந்து சேரும்வரை அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். வந்த பிறகு உப்புமாவைத் தீய்த்தேன். ஆனால் அடுத்த சனிக்கிழமை மணி அடிக்கும் முன்பே போய் முதல் வரிசையில் உட்கார்ந்தேன்.

எங்கள் வார்டுக்கு அவர் கொடுத்த பயிற்சி இந்தச் சண்டையையே எடுத்துச் சோதித்துப் பார்ப்பது. யாருக்கு ட்ரிப், யாருக்கு ஊசி என்பதை நானும் முடிவு செய்யக் கூடாது, சீனிவாசன் மாமாவும் கூடாது. முன்கூட்டியே சீட்டு எழுதிக் கவரில் ஒட்டி வரிசை நம்பர் போட்டுவிட வேண்டும். நோயாளி வந்து, வீட்டார் சம்மதித்த பிறகுதான் அடுத்த கவரைப் பிரிக்க வேண்டும். கவரைத் தயார் செய்கிறவர் நோயாளிகளைப் பார்க்காதவராக இருக்க வேண்டும் என்றார். அப்படி எனக்குத் தெரிந்த ஆள் உன் அப்பா. மோட்டார் பம்பைத் தவிர வேறு எதற்கும் அவர் வைத்தியம் பார்த்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் நீ வாத்தியார் கொடுத்த புள்ளியியல் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களிலிருந்து அர்த்தமே இல்லாத எண்களை வரிசையாகப் படித்தாய். ஒற்றை வந்தால் ட்ரிப், இரட்டை வந்தால் ஊசி என்று அப்பா எழுதினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலும் தெரியாதபடி ஒவ்வொரு கவருக்குள்ளும் கார்பன் தாளை மடித்து வைத்தார். என்னை உள்ளே விடவில்லை. நான் சமையலறையிலிருந்து காதை நீட்டியதைப் பார்த்து நீ கதவைச் சாத்திவிட்டுச் சிரித்தாய். அப்புறம் வந்து, "ஏம்மா, பெரிய டாக்டர் நீ, நீயே முடிவு பண்ணக்கூடாதா?" என்று கேட்டாய். நான் ஏதோ மழுப்பினேன். நல்ல கேள்வி அது.

கவர் தயார், வார்டு தயார், ஆனால் வீட்டாரிடம் எப்படிச் சொல்வது? நம் ஊர் ஜனங்களை உனக்குத் தெரியும். புருஷன் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருப்பான், பொண்டாட்டி கையில் சோறு கொண்டுவந்த தூக்குப்போசியோடு நின்றுகொண்டு, "நீங்க பாத்து செய்யுங்க டாக்டரம்மா, எங்களுக்கு என்னங்க தெரியும்" என்பாள். நான் ஒரே மருந்து, இரண்டு விதம் என்று இழுத்து இழுத்துச் சொல்லச்சொல்ல அவர்கள் கண்ணில் பயம்தான் ஏறும். அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. பூ கேட்பது. கல்யாணம் பேசினாலும் கிணறு வெட்டினாலும், வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி அம்மன் காலடியில் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்களே, அது. "ரெண்டு முறை இருக்குதுங்க, பூ கேக்கற மாதிரி கவர்ல கேட்டுப் பாத்துச் செய்யலாமுங்களா?" என்றேன். அவ்வளவுதான். முகமெல்லாம் தெளிந்துவிட்டது. "பேஷா கேளுங்க" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வகுப்பில் எழுந்து நின்று பெருமையாகச் சொன்னேன். வாத்தியார் அதைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, "பூ வந்தப்புறம் அதை மீறலாமா மேடம்?" என்று கேட்டார். "அதெப்படி? பூ குடுத்ததை யாராவது மீறுவாங்களா?" என்று சொல்லிச் சிரித்தேன். அதற்கு மேல் அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

நாச்சிமுத்து வந்தது அதற்குப் பிறகு. கிணத்துக்கடவுப் பக்கம் தக்காளித் தோட்டத்தில் காற்றை எதிர்த்து நின்று காலையிலிருந்து மருந்து அடித்திருக்கிறார், சட்டை முழுக்க நனைந்திருக்கிறது. மதியம் பன்னிரண்டு மணிக்கு வேனில் போட்டுக் கொண்டுவந்தார்கள். உடுப்பைக் கழற்றிக் குளிப்பாட்டி, ஊசி ஏற்றி, நெஞ்சு காய்ந்து, அவர் கொஞ்சம் நிதானத்துக்கு வந்த பிறகு அவர் மனைவி மயிலாத்தாளிடம் பேசினேன். முப்பது வயதுக்குள் இருக்கும், வாட்டசாட்டமான பொம்பளை, அழவில்லை. பூ கேட்பதைச் சொன்னதும் தலையை ஆட்டினாள். கவரை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் கொடுத்தாள். பிரித்தேன், ட்ரிப். என் கட்சி. மனதுக்குள் சந்தோஷப்பட்டேன் என்பதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

நாலு மணிக்கு நெஞ்சில் மறுபடியும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ட்ரிப்பை வேகமாக்கினோம், அடங்கவில்லை. நாடி இறங்கிக்கொண்டே வந்தது. இப்படி ஆனால் கவர் சொன்னதை விட்டுவிட்டு நோயாளிக்கு எது தேவையோ அதைச் செய்யலாம் என்று முதலிலேயே எழுதி வைத்திருந்தோம். சீனிவாசன் மாமா ஊசியை எடுத்துக்கொண்டு வந்தார். மயிலாத்தாள் கட்டிலுக்குக் குறுக்கே வந்து நின்றுகொண்டாள். "ஏனுங்க, அது எதுக்குங்க?" "முறையை மாத்தறோமுங்க." "வேண்டாமுங்க" என்றாள். குரல் உயரவே இல்லை. "அம்மன் குடுத்ததை மாத்தாதீங்க. மாத்துனா என்ன ஆகுமோ, நெம்ப பயமா இருக்குதுங்க. அப்படி மாத்தித்தான் ஆகோணும்னா நாங்க ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறோமுங்க." அவள் அண்ணன் அதற்குள் வேன்காரனைக் கூப்பிட வெளியே போய்விட்டான். வேனில் ஏற்றினால் அந்த மனிதர் வீடு போய்ச் சேர மாட்டார். அது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியாதபடி செய்தது நான்.

வேறு நாளாக இருந்தால் "நீ டாக்டரா, நான் டாக்டரா?" என்று ஒரு சத்தம் போட்டிருப்பேன். ஆனால் அன்று அவள் பேசியது என் பேச்சு. சீனிவாசன் மாமா என்னைச் சுவர் ஓரமாகக் கூப்பிட்டு, "இன்னொரு கவரை எடுங்கம்மா. ஊசின்னு வந்துதுன்னு நீங்களே படிச்சுச் சொல்லிப்போடுங்க. அவங்களும் ஒத்துக்குவாங்க, ஆளும் பிழைச்சுக்குவார். அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நானும் போய் கவர்க் கட்டை எடுத்தேன். மேலே இருந்த கவர் கையில் இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அந்த நிமிடத்திலும் அது என்னவாக இருக்கும் என்று ஒரு ஆவல் வந்தது, என்ன பிறவியோ நான். பிரித்துப் பொய் சொல்வது சுலபம். ஆனால் அவள் திரும்பவும் கண்ணில் ஒற்றிக்கொள்வாளே என்று நினைத்தபோது கை கூசியது. அம்மன் பேரில் பேச எனக்கு யார் உரிமை கொடுத்தார்கள்?

கவரைக் கீழே வைத்துவிட்டு அவளிடம் போனேன். "அம்மணி, அந்தக் கவருக்குள்ள அம்மன் இல்லைங்க. சீட்டு எழுதுனது எங்க ஊட்டுக்காரர். நம்பர் படிச்சது என்ற பையன். எங்க ஊட்டுச் சாப்பாட்டு மேசை மேல வெச்சு எழுதுனாங்க. பூன்னு சொன்னது நான் செஞ்ச தப்புங்க." அவள், "பையன் எத்தனாவது படிக்கறானுங்க?" என்றாள். அந்த நேரத்தில் அப்படி ஒரு கேள்வி. "ஒம்பதாவதுங்க." "அவனுக்கு எது நல்லதுன்னு எப்படித் தெரியுமுங்க?" "தெரியாதுங்க." "உங்களுக்கு?" என் வாழ்நாளில் ஒரு நோயாளியின் வீட்டாரிடம் அதுவரை சொல்லாத வார்த்தையை அன்றுதான் சொன்னேன். "எனக்கும் தெரியாதுங்க. யாருக்கும் தெரியாது. அதைத் தெரிஞ்சுக்கத்தான் சீட்டு. ஆனா இப்ப இவருக்கு இது பத்தலைங்கறது எனக்குத் தெரியும். அதைக் கண்ணால பாக்கறேன், காதால கேக்கறேன்." ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி அவள் காதில் மாட்டி அவர் நெஞ்சில் வைத்தேன். கொஞ்ச நேரம் கேட்டாள். கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு, "தெரியாதுன்னு மொதல்லயே சொன்னா நான் என்ன உங்களைக் கடிச்சா திங்கப்போறனுங்க? செய்யுங்க" என்றாள்.

ஆறு நாள் வெண்டிலேட்டரில் இருந்து நாச்சிமுத்து பிழைத்தார். உடனே நீ, அப்படியானால் ஊசிதான் நல்லதா என்று கேட்பாய். எனக்கும் அப்படிச் சொல்லத்தான் நாக்கு துடித்தது. சீனிவாசன் மாமாவோ கேன்டீனில் எல்லோருக்கும் காபி வாங்கிக்கொடுத்தே விட்டார். வாத்தியார் சம்மதிக்கவில்லை. ஒரு ஆளை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, அதோடு அவர் ட்ரிப் கவரில் வந்தவர், எந்த வைத்தியத்தில் பிழைத்திருந்தாலும் ட்ரிப் பக்கம்தான் அவர் பேரை எழுத வேண்டும் என்றார். இதென்ன அநியாயம் என்று நான் எகிறினேன். "முடிவைப் பாத்துட்டு ஆளை இங்கயும் அங்கயும் மாத்தினா, பழையபடி இளநீர்க் கணக்குதான் மேடம்" என்றார். அதை ஏற்றுக்கொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது. பூ என்ற பேச்சைக் கேட்டுச் சம்மதித்த மற்ற குடும்பங்கள் எத்தனை என்று அவர் கேட்டபோது தலை குனிந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் நானே கடிதம் எழுதி, நான் சொன்னது தப்பு, உங்களுக்கு விருப்பம் இல்லையென்றால் உங்கள் வீட்டுக்காரர் விவரத்தை நீக்கிவிடுகிறேன் என்றேன்.

அடுத்த சனிக்கிழமை வாத்தியார் பாடம் எடுக்கவில்லை. ஒவ்வொருவரும் எழுந்து, எதிரே நோயாளியின் மனைவி நிற்பதாக நினைத்துக்கொண்டு, எது நல்லது என்று எனக்குத் தெரியாது என்று சொல்லிப் பழக வேண்டும் என்றார். கண்ணு, நீ பார்த்திருக்க வேண்டும். நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் செய்கிறவர்களுக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. ஒருவருக்கு இருமல் வந்துவிட்டது. ஒருவர், "இன்னும் முழுசாத் தெரியலைன்னு வெச்சுக்கங்களேன்" என்றார். சீனிவாசன் மாமா சொல்லிவிட்டு, உடனே "ஆனா பயப்படாதீங்க, எல்லாம் எங்களுக்குத் தெரியும்" என்று சேர்த்துக்கொண்டார். அன்று நாச்சிமுத்துவை மறுபரிசோதனைக்குக் கூட்டிவந்திருந்த மயிலாத்தாளை நான்தான் மாடியில் நடந்த அந்த வகுப்புக்கு அழைத்துப் போனேன். சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்து எல்லோரையும் கேட்டாள். எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, சீனிவாசன் மாமாவைக் காட்டி, "தப்பா நெனைச்சுக்காதீங்க. இவரு சொன்னா நான் ஒத்துக்க மாட்டனுங்க, பூசி மெழுகறாரு. அந்த இருமுன டாக்டரு பரவாயில்லீங்க, பயந்துக்கறாரு, பொய் சொல்லலை" என்றாள். அந்த வகுப்பில் நாங்கள் படித்ததிலேயே உருப்படியான பாடம் அது என்று வாத்தியாரே சொன்னார்.

படி இறங்கும்போது அவள் கேட்டாள், "மத்த கவரெல்லாம் பிரிச்சாச்சுங்களா? எது நல்லதுன்னு வந்துச்சுங்க?" இன்னும் இல்லை என்றேன். "எங்க பக்கம் நெறயப் பேரு மருந்தடிக்கறாங்க. என்ற ஊட்டுக்காரர் பொழைச்சுட்டாரு, அது போச்சு. அடுத்தாப்ல வாரவனுக்காச்சும் தெரியோணுமில்லீங்க" என்றாள். அடுத்த முறை வந்தபோது ஒரு தபால் கார்டு கொண்டுவந்தாள். அவளே அவள் விலாசத்தைக் கோணல் கோணலாக எழுதியிருந்தாள். "தெரிஞ்சதும் இதுல ரெண்டு வரி எழுதிப் போட்டுருங்க." வாங்கி வைத்துக்கொண்டேன். கவர்களெல்லாம் தீர்ந்த பிறகு எண்ணிப் பார்த்தோம். எதுவும் சொல்ல முடியாத அளவுக்குச் சின்ன எண்ணிக்கை. தெரியவில்லை என்றுதான் அறிக்கையில் எழுதினோம். பத்து ஆஸ்பத்திரியாவது சேர்ந்து செய்ய வேண்டும் என்றார் வாத்தியார். யாரும் சேரவில்லை. நானும் வேலை, உன் படிப்பு, என் முட்டிவலி என்று விட்டுவிட்டேன். இதுதான் நான் உன்னிடம் ஒத்துக்கொள்ள வேண்டிய பெரிய தப்பு. பூ என்று சொன்னது ஒரு நாள் தப்பு. அந்தக் கார்டுக்குப் பதில் தேடாமல் இருந்தது இத்தனை வருடத் தப்பு.

உன் ஆராய்ச்சிக்கு இதைத்தான் எடு என்று சொல்ல மாட்டேன். உனக்கு எதில் சந்தேகம் இருக்கிறதோ அதை எடு. ஆனால் உண்மையிலேயே தெரியாத ஒன்றை எடு. தெரிந்ததுபோல் பாவனை செய்து எழுதாதே, பழைய கேஸ் ஷீட்டைத் தூசி தட்டி ஒப்பேற்றாதே. யாரிடமாவது சம்மதம் கேட்கும்போது அவர்கள் சரிங்க என்று சொன்னதும் நகர்ந்துவிடாதே, என்ன புரிந்தது என்று திருப்பிக் கேள். உனக்குத் தெரியாது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல். யாரும் உன்னைக் கடித்துத் தின்ன மாட்டார்கள்.

அந்தக் கார்டை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். விலாசப் பக்கம் கொஞ்சம் பழுத்துவிட்டது, எழுத்து நன்றாகத் தெரிகிறது. பின்பக்கம் காலி. போன மாதம் கிணத்துக்கடவு பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார், அவள் படியில் நின்றுகொண்டு, "ஏனுங் டாக்டரம்மா, தெரிஞ்சுதுங்களா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். "பையன் படிச்சுட்டானுங்களா?" என்றாள். மேல்படிப்புக்குப் போகிறான் என்றேன். கார்டு விலை இப்போது ஏறிவிட்டது, ஒட்டுவதற்கு ஒரு ஸ்டாம்பும் வைத்திருக்கிறேன்.

அம்மா